கொடி அறுந்த இடம்

நேஷா வுட்டெ பிறந்தது 1938இல், கரவாங்கன் மலையின் மடியில், ஸெலெ பள்ளத்தாக்கில். நான்கு வயதில், போர்க்காலத்தில், ஸ்லோவீன் பேசுகிறவர்கள் என்பதற்காகக் குடும்பத்தோடு அவளை ரயிலேற்றிக் கொண்டுபோய் எங்கோ ஒரு முகாமில் இறக்கினார்கள். ஏழு வயதில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவு இல்லை. மாட்டுத் தொழுவத்தில் மாடு இல்லை. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி தன் இரண்டு பசுவில் ஒன்றைக் கயிற்றோடு கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. நன்றி என்பது பேச்சில் இல்லை என்று நேஷா அன்றைக்கு முடிவு கட்டியிருக்கக்கூடும். ஏழு வயதில் கட்டும் முடிவுகளை மனிதர்கள் அவ்வளவு எளிதில் அவிழ்ப்பதில்லை.

பதினேழு வயதில் மலையிறங்கி ஃபெர்லாக் ஊருக்கு வேலை தேடி வந்தாள். அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி செய்வார்கள். ஒரு பட்டறையில் எண்ணெய்த் துணி துவைக்கவும் லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளவும் அவளை வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அள்ளினாள். நீளமாக ஒரே சீராகச் சுருண்டு விழும் நாளில் லேத்துக்காரர் லொய்ஸெ சீட்டியடிப்பார் என்பதும், சுருள் உடைந்து பொடிப்பொடியாக விழும் நாளில் அவர் கெட்ட வார்த்தை பேசுவார் என்பதும் முதலில் தெரிந்தது. பிறகு, அவர் வாய் திறப்பதற்கு முன்பே சுருளைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட முடிந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில் லொய்ஸெ பனிச்சறுக்கில் போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துத் தோள்பட்டையை முறித்துக்கொண்டார். பதின்மூன்று துப்பாக்கிக் குழல்கள் கடையாமல் கிடந்தன. பெரிய முதலாளி லேத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்போது ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து இரும்பில் இலையும் மானும் செதுக்கிக்கொண்டிருந்த ஹெம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“மொதலாளி, குப்பை அள்ளுற புள்ளைய நிறுத்திப் பாருங்க. ரெண்டு வருஷமா அவ அள்ளினது குப்பையில்ல. லொய்ஸெ பண்ணின தப்பு பூராவும்.”

“பொம்பளையா? லேத்துலயா?”

“நான் இங்க உக்காந்திருக்கேனே, நான் என்ன கழுதையா?”

“கழுதை எவ்வளவோ மேல். அது வேலை நேரத்துல வாயத் தொறக்காது.”

ஆனால் நிறுத்திப் பார்த்தார். லொய்ஸெ திரும்பி வந்தபோது அவருக்கு வேறு லேத் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹெம்மா அவளைவிட நான்கு வயது மூத்தவள். அவளும் மலைக்காரி. பட்டறையில் எல்லோரோடும் ஜெர்மன் பேசுவார்கள்; இவர்கள் இருவரும் தங்களுக்குள் ஸ்லோவீன் மொழியில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வார்கள் என்பதைவிட ஹெம்மா திட்டுவாள், நேஷா கேட்டுக்கொள்வாள் என்பது பொருத்தம். பெரிய முதலாளியிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக நேஷா அவளுக்கு நன்றி சொன்னதேயில்லை. ஹெம்மாவின் கைக்குப் போகும் குழலை மட்டும் மற்றவற்றைவிட ஒரு மடங்கு கூடுதலாக மெருகேற்றி அனுப்புவாள். ஹெம்மா அதைக் கவனித்தாளா என்பது தெரியாது. கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருபத்தொன்பது வருஷம் அப்படிப் போயிற்று. பெரிய முதலாளி இறந்து மகன் எங்கல்பர்ட் முதலாளியானார். 1986இல் ஹெம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கிளாகன்ஃபுர்ட் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து, உள்ளே புது லென்ஸ் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். எங்கல்பர்ட் நல்ல மனிதர். அதனாலேயே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஸ்டைரியாவுலேருந்து ஒரு மர வியாபாரி கலைமான் வேட்டைக்குத் துப்பாக்கி கேட்டிருக்கான். ஓக் இலைக் கொடி, உடம்புலேருந்து குழல் வரைக்கும் அறுபடாம ஓடணுமாம். இதை நீ செய். நல்லா வந்தா ஜன்னல் மேஜை உன்னுது. இல்லேன்னா... முன்னறையில தோட்டா, தொப்பி விக்கிற வேலை இருக்கு. என்னைத் தப்பா நினைக்காத, ஹெம்மா.”

“நினைக்கல. கண்ணு தெரியாத செதுக்குக்காரிய நானும் வச்சுக்க மாட்டேன்.”

“முடியிற வரைக்கும் நான் வந்து பாக்க மாட்டேன். பாத்தா உன் கை கூசும்.”

அவர் சொன்னபடியே ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. இதையும் நேஷா மனத்தில் குறித்து வைத்துக்கொண்டாள்.

குழலைப் பொருத்தியவள் நேஷா. குழலின் முனையில் மரை வெட்டி, மரை முடிகிற இடத்தில் ஒரு தோள் நிறுத்துவாள். துப்பாக்கியின் இரும்பு உடலுக்குள் குழலைத் திருகும்போது அந்தத் தோள் வந்து முட்டி நிற்கும் இடம்தான் எல்லாம். அங்கே அடியில், பிறகு மரக்கட்டை மறைத்துக்கொள்ளும் பக்கத்தில், குழலுக்கும் உடலுக்கும் சேர்த்து முடிபோல ஒரு கோடு கீறிவைப்பாள். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அந்தக் கோடு கோட்டோடு சேர வேண்டும். அரசாங்கச் சோதனைச் சாலையில் அளவுக்கு மீறிய வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பினார்கள். அதன் பிறகு மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஹெம்மா செதுக்கினாள். கொடியின் ஏழு தண்டுகள் உடலிலிருந்து சாய்வாகக் கிளம்பி, இணைப்பைத் தாண்டிக் குழலின்மேல் ஏறி, நான்கு விரல் தூரத்துக்கு இலையாக விரிந்தன. கண்ணில் புது லென்ஸ் வைத்தபின் வெளிச்சம் கூடினால் அவளுக்குச் சில கோடுகள் இரட்டையாகத் தெரியும். அதை நேஷாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். “சேந்துச்சுன்னு நினைக்கிறேன், சேந்துச்சான்னு தெரியல,” என்பாள். நேஷா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “சேந்திருக்கு,” என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பிறகு இரண்டையும் பிரித்தார்கள். உடலை நெருப்பில் வைத்துக் கடினமாக்கினார்கள். குழலைத் துருப்பிடிக்காமலிருக்க உப்புக் கரைசலில் வேகவைத்து நீலமேற்றினார்கள். ஜூலை முதல் வாரத்தில் இரண்டும் நேஷாவின் மேஜைக்கு வந்தன. திருகிச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

தோளின்மேல் நீலமேற்றின கசடு மெல்லிய கறுப்பாக ஒட்டியிருந்தது. அதைத் துணியால் துடைப்பார்கள். போகாவிட்டால் எண்ணெய்க்கல்லால் கையில் மெதுவாகத் தேய்ப்பார்கள். முடிந்த குழலை மறுபடி லேத்தில் ஏற்றக் கூடாது என்று பட்டறையில் வந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுகிறவளே அவள்தான். அன்று ஏற்றினாள்.

ஏன் என்று பிற்காலத்தில் அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். ஹெம்மாவுக்குக் கண் திரும்பி வந்திருந்தது. அந்த இணைப்பு ஒரு மூச்சுக்கூட நுழைய முடியாதபடி இருக்க வேண்டும், கொடி அங்கே தாண்டுவதே தெரியக் கூடாது என்று ஆசைப்பட்டாள். சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்தத் தோளில் வைத்துவிடப் பார்த்தாள். நன்றி மிகுந்துபோகிற இடத்தில் அது எதிராளிக்கானதாக இருப்பதில்லை, நமக்கானதாக ஆகிவிடுகிறது. அப்போது கை அளவு தவறுகிறது.

வெட்டியது மிகக் கொஞ்சம். டயலில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு. வெள்ளி மாதிரி மின்னியது. கையால் திருகி, பிறகு நெம்புகோல் போட்டு இறுக்கினாள். கோடு கோட்டைத் தாண்டிப் போயிற்று.

மரையின் ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் இரண்டு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். அதனால் தோளில் நூறில் இரண்டு குறைந்தால் குழலின் விளிம்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சுற்றிப் போய்விடும். திருப்பி மேல்பக்கம் பார்த்தாள். ஏழு தண்டும் இணைப்பில் அறுந்து, பக்கத்துக்கு நகர்ந்து நின்றன.

சாப்பாட்டு நேரம். பட்டறையில் யாருமில்லை. துப்பாக்கிக்கு மரக்கட்டை இழைக்கிற யூரி மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்து, பிறகு பிடிப்பானில் இருந்ததைப் பார்த்தார்.

“அய்யய்யோ. நீயா?”

“நான்தான்.”

“சரி விடு. கழட்டு. தோள சுத்தியால சுத்தி ரெண்டு தட்டு தட்டு. பிதுங்கி வரும். கோடு பழைய எடத்துல நிக்கும். ஸ்டைரியாக்காரன் காலம் முடிஞ்சு, பேரன் காலத்துலதான் ஆட ஆரம்பிக்கும்.”

“பேரன் என்ன பாவம் பண்ணினான்?”

“மரம் விக்கிறவன் பேரன். ஏதாவது பண்ணாமலா இருப்பான்?”

அவள் சிரிக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று துணியை எடுத்து மூடினாள். முன்னறையில் எங்கல்பர்ட் வாடிக்கைக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். கை கழுவப் போனாள். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, நிதானமாகக் கழுவினாள். திரும்பி வந்தபோது துணி விலகியிருந்தது. ஹெம்மா குனிந்து நின்று, கட்டைவிரல் நகத்தால் ஒரு தண்டைத் தடவிக்கொண்டு போனாள். இணைப்பில் நகம் தடுக்கி நின்றது. பக்கத்துத் தண்டிலும் தடுக்கியது.

வேறு ஒரு நாளாக இருந்தால் மற்ற ஐந்தையும் பார்த்திருப்பாள். எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருப்பதைப் பார்த்து, இது திருகினவள் தப்பு என்று பட்டறையே அதிரக் கத்தியிருப்பாள். பயந்த மனம் மூன்றாவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

“ஏமாத்திடுச்சுடி நேஷா,” என்றாள் மெதுவாக. “ரெட்டையா தெரியுதுன்னு சொன்னேன் இல்ல? இல்லாத எடத்துல சேத்திருக்கேன். நீ பாத்து சொன்னதெல்லாம் என் மனசு நோகக் கூடாதுன்னுதான, பாவி.”

தன் மேஜைக்குப் போய் உளிச்சுருணையை விரித்தாள். பத்தொன்பது உளிகள். ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து, அதன் பைக்குள் செருகினாள்.

நேஷா நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஊரில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: வுட்டெ பொருத்தின குழல் திரும்பி வராது. இருபத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் சொல்லிச் சொல்லி ஆன பேச்சு. அது தன்னுடையது என்று அவள் நினைத்திருந்தாள். உண்மையில் தான்தான் அதனுடையவள் என்பது ஏழாவது உளி பைக்குள் போகும்போது தெரிந்தது. பன்னிரண்டாவது போயிற்று. பத்தொன்பதாவதும் போய், ஹெம்மா சுருணைக்கு முடிச்சுப் போட்டு, ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் மாட்டி, முன்னறைக்கு நடந்தாள். அப்போதுதான் நேஷாவின் கால் நகர்ந்தது.

வாடிக்கைக்காரர் போய்விட்டிருந்தார். ஹெம்மா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

“மொதலாளி, நீங்க வந்து பாக்க வேணாம். நானே பாத்துட்டேன். கொடி சேரல. தொப்பி விக்கிற நாற்காலி எது?”

எங்கல்பர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் அதைத் துடைத்தார்.

“அவ சரியாத்தான் சேத்திருந்தா,” என்றாள் நேஷா பின்னாலிருந்து. “நான் பிரிச்சிட்டேன். தோள லேத்துல வச்சு நூத்துல ரெண்டு எடுத்தேன். அடியில கோடு தாண்டி நிக்குது, வந்து பாருங்க.”

“நீலமேத்தின பெறகா?”

“ஆமா.”

“நீயா?”

“நான்தான்.”

“எதுக்கு?”

நேஷா தரையைப் பார்த்தாள். “அழகா இருக்கட்டும்னு.”

“முப்பது வருஷமா இல்லாத அழகு ஆசை இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று கத்தினார் எங்கல்பர்ட். கத்தி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஹெம்மாவைத் தொப்பி விற்க உட்கார வைக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி.

ஹெம்மா திரும்பினாள்.

“நான் உளிய சுத்தறப்ப நீ பாத்துக்கிட்டு நின்ன.”

“நின்னேன்.”

“பத்தொம்போதும்.”

“பத்தொம்போதும்.”

மறுநாள் காலையில் ஹெம்மா வந்து ஜெர்மனில் பேசினாள். “அந்த எண்ணெய் டப்பாவைக் கொஞ்சம் தர்றீங்களா, ஃபிராவ் வுட்டெ? ரொம்ப நன்றிங்க.” முப்பது வருஷத்தில் அவர்களுக்குள் ‘ஃபிராவ்’ என்ற மரியாதையோ ‘நீங்க’வோ வந்ததில்லை. யூரி கையிலிருந்த உளியைக் கீழே போட்டுவிட்டார். அன்று முழுவதும் ‘நீங்க’. மறுநாளும் ‘நீங்க’. நேஷா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் அந்த மரியாதை தொண்டையில் இறங்காமல் நின்றது.

சரிசெய்ய ஒரே வழிதான் நேர்மையானது. தோளை இன்னும் ஏறக்குறைய ஒரு முழு மரைச்சுற்று அளவுக்கு வெட்டிப் பின்தள்ள வேண்டும். அப்போது குழல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பழைய கோட்டில் வந்து நிற்கும். அதற்கேற்பக் குழலின் முனையைக் குறைத்து, தோட்டா உட்காரும் அறையை ஆழமாக்க வேண்டும். சோதனைச் சாலைக்கு மறுபடி அனுப்ப வேண்டும். ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டரோடு கொடியிலும் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். சாய்ந்து ஏறுகிற தண்டுகள் நடுவில் ஒரு துண்டு போனால் சேராது. உடல் நெருப்பில் இறுகிப்போயிற்று. அதில் இனி எந்த உளியும் இறங்காது. விட்டுக்கொடுக்க வேண்டியது குழல்தான். இணைப்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு இலைகளைக் கடைந்து எடுத்துவிட்டு, வெறும் இரும்பில் ஹெம்மா மறுபடி செதுக்க வேண்டும். முதல் முறை இரண்டு பக்கமும் அவள் இஷ்டத்துக்கு வளைந்தது. இந்த முறை ஏழு தண்டும், மாற்ற முடியாத ஏழு முனைகளில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தேறிய கண்ணுக்கே அது கஷ்டம். எங்கல்பர்ட் முன்வைத்த நிபந்தனை அப்படியேதான் இருந்தது. கடினம் மட்டும் கூடிவிட்டது.

அந்த இலைகளைக் கடைந்து எடுக்க வேண்டியவள் நேஷா.

மூன்றாம் நாள் காலை குழலை லேத்தில் ஏற்றி, டயல் வைத்து ஆட்டம் பார்த்து, ஓடவிட்டாள். முதல் வெட்டில் இலை நரம்புகள் தூசியாக உதிர்ந்தன. ஹெம்மா ஏப்ரல் மாதம் முழுவதும் உட்கார்ந்து செதுக்கியவை. நேஷா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது வெட்டுக்கு நகர்த்தினாள். பின்னாலிருந்து குரல் வந்தது. ஸ்லோவீன் மொழியில்.

“நிறுத்து. உன் டூல் முணுமுணுக்குது.”

“கூராத்தான் இருக்கு.”

“கரண்டி செய்ய அது போதும். என் இலைய அறுக்கப் போதாது. கழட்டித் தீட்டு.”

நேஷா கழற்றித் தீட்டினாள். ஹெம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“எண்ணெய் ஊத்து. அவ்வளவு இல்ல, குளிப்பாட்டவா சொன்னேன்? மெதுவா. உனக்கு என் மேல அப்படி என்னடி பகை?”

“பகை இல்ல.”

“தெரியும். அதான் கேக்கறேன். அழகா இருக்கட்டும்னு பண்ணினியாம். எனக்காகத்தான?”

நேஷா தலையாட்டினாள்.

“முப்பது வருஷமா எனக்கு வர்ற குழல மட்டும் கண்ணாடி மாதிரி மெருகு போட்டு அனுப்பற. உளி வழுக்கி வழுக்கி என் மணிக்கட்டு போச்சு. மத்தவங்களுக்கு அனுப்பற மாதிரி அனுப்புன்னு சொல்லலாம்னா, உன் மொகத்தப் பாத்தா சொல்ல வரல. உனக்கு நன்றி சொல்லணும்னா வாயில சொல்லித் தொலையேன். கையால சொல்லி என்னைக் கொல்லாத.”

லேத் ஓடிக்கொண்டிருந்தது. நேஷா அதை அணைத்தாள். வாயைத் திறந்தாள். வார்த்தை புதிதாக இருந்ததால் கொஞ்சம் கரகரத்தது.

“நன்றி, ஹெம்மா.”

“எதுக்கு?”

“லொய்ஸெ விழுந்த அன்னிக்கு சொன்னதுக்கு.”

“அதுவா? அன்னிக்கு நீ கூட்டறப்ப கிளம்புற தூசி என் கண்ணுல விழுந்துகிட்டே இருந்துச்சு. உன்னை எங்கயாவது நிறுத்தணும்னுதான் சொன்னேன்.” ஒரு கணம் நிறுத்தி, “பாதி அதுக்காக,” என்றாள். “ஓட்டு. இன்னும் ஒரு விரல் பாக்கி.”

அந்தக் காலை முழுவதும் அவள் திட்டினாள். நேஷாவின் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நல்ல காலை அதிகம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் நம்மைத் தங்களுக்குக் கீழே ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். திட்டுகிறவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

செதுக்க ஐந்து வாரம் ஆயிற்று. வெயில் ஏறினால் கோடு இரட்டிக்கும் என்பதால் ஹெம்மா காலையில் மூன்று மணி நேரம் மட்டுமே உளி பிடித்தாள். அது ஏன் என்று இந்த முறை முதலாளியிடமே சொன்னாள். “அப்ப மூணு மணி நேரம் போதும்,” என்றார் அவர். இவ்வளவு எளிதில் முடிகிற விஷயத்தை ஆறு மாதம் மறைத்து வைத்திருந்தோமே என்று ஹெம்மாவுக்கு அன்று முழுவதும் எரிச்சல். சேர்ந்ததா என்று நேஷாவைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. நகத்தால் தடவிப் பார்த்து அவளே முடிவு செய்தாள். துப்பாக்கி சோதனைச் சாலையிலிருந்து புது முத்திரையோடு திரும்பிற்று. நீலமேற்றி வந்தது. நேஷா தோளைத் துணியால் மட்டும் துடைத்தாள். திருகினாள். கோடு கோட்டில் நின்றது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை எங்கல்பர்ட் ஜன்னல் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு இணைப்பைச் சுற்றி மெல்லத் திருப்பினார். ஒரு தண்டு. அடுத்த தண்டு. யூரி இழைப்பதை நிறுத்திவிட்டார். ஹெம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஏப்ரனின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. ஏழாவது தண்டு முடிந்ததும் அவர் நகத்தால் ஒரு சுற்று வந்தார். எங்கும் தடுக்கவில்லை.

“ம்,” என்றார்.

எழுந்து உள்ளே போய், இன்னும் கோடு விழாத வெள்ளை இரும்பு உடல் ஒன்றைக் கொண்டுவந்து ஹெம்மாவின் முன்னால் வைத்தார்.

“காட்டுச்சேவல். ரெண்டு பக்கமும். அக்டோபருக்குள்ள வேணும்.”

“நவம்பர்.”

“அக்டோபர், ஹெம்மா. வாக்கு கொடுத்துட்டேன்.”

“அப்ப தொப்பி விக்கிற நாற்காலியக் காட்டுங்க, அங்கயே போய் உக்காந்துக்கறேன்.”

எங்கல்பர்ட் கூரையைப் பார்த்தார்.

“நவம்பர்,” என்றார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று நேஷா லேத்தை ஓடவிட்டாள். அதன் பிடியில் கடைய ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.